பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு போனவள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் இன்றைக்குப் பன்னிரண்டு பள்ளிக்கூடங்களின் விடுதிப் பிள்ளைகள் என் மீனைத்தான் சாப்பிடுகிறார்கள். பன்னிரண்டும் ஒரே நிர்வாகம். ஐஸ் பெட்டி வைத்த வண்டி இரண்டு எனக்குச் சொந்தமாக ஓடுகிறது. இதை எல்லாம் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை, தலையில் கூடை சுமந்து சம்பாதித்தது. ஒரு தடவைகூட நான் அனுப்பிய மீன் திரும்பி வந்ததில்லை.

போன மாதம் அந்த நிர்வாகத்திலிருந்து ஒரு அம்மா கட்டுக் காகிதத்தோடு என் கொட்டகைக்கு வந்தார். இனிமேல் அரிசி, சீருடை, மீன் என்று எதை விற்கிறவர்களாக இருந்தாலும், அவர்களிடம் வேலை செய்கிறவர்கள் இஷ்டப்பட்டுத்தான் செய்கிறார்களா, போக நினைத்தால் போக முடியுமா என்று நேரில் விசாரிக்கிறார்களாம். நவீன அடிமைத்தனம் என்று ஒரு பேர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் நான் தட்டில் கை வைப்பேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

வடக்கிலிருந்து வந்து என்னிடம் தங்கி வேலை செய்கிற ஆறு பேரின் ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது என்று அடுத்துக் கேட்டார். பெருமையாகவே பீரோவைத் திறந்து காட்டினேன்.

"அவனுங்க ரூம்பு ஒயுகுதும்மா. பத்திரமா இருக்கட்டும்னுதான் எங்கிட்ட வச்சிக்கினேன்."

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத்தான் காதில் ஏதோ இடித்தது. நான் பேசியது என் குரலாகவே இல்லை, என் மாமாவின் குரலாக இருந்தது.

மாமாவிடம் அந்தப் பேச்சைக் கேட்ட காலத்தில் எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. லைட்ஹவுஸ் பக்கத்தில் எங்கள் குப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. இப்போது இருக்கிற பாலம் அன்றைக்குக் கிடையாது. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். நைனா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு இறால் வாங்கி விற்றார். அவருடைய இடத்தில் நான்கு குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. வலை கிடையாது அவர்களுக்கு. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், ஓலையில் முடைந்த பறி என்கிற கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அதனால் வேலை நேரத்தில் அவர்களிடம் யார் என்ன கேட்டாலும் பதில் வராது.

மாமாவிடம் முன்பணம் வாங்கியவர்கள் அவர்கள். வேறு யாருக்கும் இறால் விற்கக் கூடாது, வேறு இடத்துக்குப் போகவும் கூடாது. அவர்களுடைய ரேஷன் கார்டுகள் மாமாவின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. சாவி மாமாவின் அரைஞாணில் தொங்கும். குடிசையில் எலி கடித்துவிடும், நம்மிடம் இருந்தால் பத்திரம் என்பார். இவ்வளவு நல்ல மனுஷனா என்று எனக்குப் பூரிப்பாக இருக்கும்.

ஒரு கோடையில் அந்தக் குடும்பங்களில் ஒரு பெண்ணின் அப்பா, அக்கரையில் பஸ் ஏறிப் போகிற ஆரம்பாக்கத்தில் செத்துப்போனதாகச் சேதி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும்.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "போய்ட்டு வாங்க, யார் வேணான்னது? பொண்ணு நம்ம வூட்ல இருக்கட்டும். பத்திரமா இருக்கும்."

அந்தப் பெண் மகளின் தோளை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. கடைசியில் புருஷன்தான், "சரி மொதலாளி" என்றான்.

எனக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்குவதென்றால் சும்மாவா? என் கோலிக்குண்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். அம்மா அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள், தன் தலையணையைக் கொடுத்தாள். அந்த மூன்று நாளும் அம்மா மாமாவோடு பேசவில்லை. பல் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். "அந்தப் பொண்ண பாத்துக்கடா. படகுத்துறை பக்கம் போனாள்னா ஒட்னே எங்கிட்ட வந்து சொல்லு."

வேலை என்று வந்துவிட்டால் நான் சின்ன வயதிலேயே கெட்டி. துறைக்குப் போகிற வழியில் கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் ஏறி உட்கார்ந்தேன். காக்கை குருவி என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அவள் துறைப் பக்கமே வரவில்லை. ஒரு தடவை, அக்கரையில் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாததை ஒத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. மத்தியானம் என்று அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மாமா மீன் ஏலத்துக்குக் கடற்கரைக்குப் போயிருந்தார். அம்மா கொல்லையில் மாட்டியிருந்த பறியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"கொயம்புக்கு நாலு இறாலு தடவிக்கினு வாம்மா."

அவள் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். நான் கரையில் சட்டியோடு காத்திருந்தேன். கோடை என்பதால் தண்ணீர் அவள் இடுப்புக்குக்கூட வரவில்லை. குனிந்து தடவினாள், நகர்ந்தாள், மறுபடி குனிந்தாள். தூரத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் அதே மாதிரி குனிந்திருந்தார்கள். படகு போகிற ஆழமான ஓடை நடுவில் இருக்கிறது. அதற்குக் கிட்டே போனதும் நேராகப் போகாமல் வடக்கே திரும்பி, வளைந்து, ஏதோ வீட்டுக்குள் இருட்டில் நடக்கிறவள் மாதிரி காலால் தேடித் தேடிப் போனாள். எங்கும் மார்புக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. எங்களைப் போல் படகிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வழி தெரியாது. ஏரி எங்களுக்குச் சுவர். அவர்களுக்கு அது தினம் நடக்கிற தெரு.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைக் குவித்துக் கத்தினேன். "எத்தினி கெட்ச்சுது?"

அவள் திரும்பினாள். வாயில் பறி. ஒரு கையை மட்டும் தண்ணீரிலிருந்து தூக்கி விரித்துக் காட்டினாள். ஐந்து விரல். ஐந்து இறால் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் சொல்ல ஓடினேன். திரும்பி வந்து பார்த்தபோது, குனிந்திருந்தவர்களில் அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா வந்து கேட்டார். அவள் துறைப் பக்கம் போகவே இல்லை மாமா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கன்னத்தில் விட்டார் ஒரு அறை.

"கொயந்தய ஏன் அடிக்கிறே? நான்தான் இறாலுக்கு அனுப்ச்சேன்" என்றாள் அம்மா.

மாமா படகெடுத்து அக்கரைக்குப் போய்த் தேடினார். பஸ் போய்விட்டிருந்தது. அவளும் வரவில்லை, அவள் அப்பா அம்மாவும் வரவில்லை. அவர்கள் கார்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான்தான் ரேஷன் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வருவேன். வீட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லாத வருஷங்கள் அவை. ஐந்து இறாலைக் கொடுக்காமல் போய்விட்டாளே என்று அவள் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.

போன மாதம் அந்த அம்மா வந்துபோன அன்று சாயங்காலமே ஆறு பேரையும் கூப்பிட்டு அட்டைகளைக் கையில் கொடுத்தேன். மறுவாரம் இரண்டு பேர் ஊருக்குப் போகிறேன் என்றார்கள். போனார்கள். இன்னும் திரும்பவில்லை. இறால் உரிக்க ஆள் குறைந்து சிரமமாகத்தான் இருக்கிறது, சமாளிக்கிறேன். நான் சமாளிக்காததா?

ஆனால் வியாபாரத்தில் இத்தனை பேரின் கண்ணைப் பார்த்தே கணக்குச் சொல்கிற எனக்கு, ஒரு விஷயம் பிடிபட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஐந்து இறால் என்று கத்திக்கொண்டு நான் அடுப்படிக்கு ஓடினேனே, அப்போது அடுப்பில் நெருப்பே இல்லை. கத்திரிக்காய்க் குழம்பு இறக்கி மூடி வைத்திருந்தது. மூடி மேல் கை வைத்தேன், ஆறிப் போயிருந்தது. அம்மா என்னிடம், "அஞ்சா? போதும்" என்றாள்.

நானும் போதும் என்றுதான் நினைத்தேன்.