குதிரை ரெக்கார்டும் லைட்ஹவுஸ் ரெக்கார்டும்

1. புகார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்து, டேப் டெக்கின் மேல் போட்டிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மருத்துவக் கல்லூரி மாணவன் கலியமூர்த்தி விறுவிறுவென்று உள்ளே வந்து ஒரு கேசட்டைக் கவுண்டரில் வைத்தான்.

"அண்ணே, நீங்க சுந்தர் பக்கம்தானே?"

"என்னப்பா ஆச்சு?"

"நேத்து ஹாஸ்டல்ல எல்லாரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டினோம். இருபத்திரண்டு பேரு. குதிரைக்குப் பத்தொம்பது பேரு கை தூக்குனாங்க. லைட்ஹவுஸுக்கு மூணு. அதுல ஒருத்தன் நான். குதிரை ஓடினா கட்டில் அதிருது. லைட்ஹவுஸ் ஓடினா ஃபேன் சத்தம்தான் கேக்குது. வேணும்னே செஞ்சிருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் வேலையில் குற்றம் சொல்வதை அந்த வயதில் என்னால் தாங்க முடியாது. "போய் வேற கடையில பதிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டேன். அவன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

இது எழுபதுகளின் பின்பாதி. தஞ்சாவூர் கீழவாசலில் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடையில் நான் பதிவுக்காரன். முதலாளி காதர் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். அவருடைய தம்பி சிங்கப்பூரில் இருந்ததால் மற்ற கடைகளில் கிடைக்காத எல்.பி. ரெக்கார்டுகள் எங்களிடம் இருந்தன. கேட்டவர்களுக்கு அவற்றைக் கேசட்டில் பதிந்து கொடுப்பது பாதி வேலை. மைக் செட் வாடகைக்கு விடுவது மீதி வேலை. இரண்டு கழகங்களும் மாறி மாறிக் கூட்டம் போட்ட காலம். ஹாரன் ஒலிபெருக்கிகள் கடையில் தங்கியதே இல்லை.

ஆங்கில ரெக்கார்டுகளின் பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது. அட்டைப் படத்தை வைத்துத்தான் அடையாளம். இங்கிலாந்தில் இரண்டு ராக் குழுக்களுக்குள் போட்டி என்று மாணவர்கள் சொல்வார்கள். ஒரு குழுவின் அட்டையில் கறுப்புக் குதிரை, இன்னொன்றில் கடலோர லைட்ஹவுஸ். கடையில் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

கலியமூர்த்தியும் சுந்தரும் விடுதியில் ஒரே அறை. சுந்தர் குதிரைக் கட்சி, கலியமூர்த்தி லைட்ஹவுஸ் கட்சி. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரே ஊர். சுந்தரின் அப்பா அங்கே பெரிய மிராசுதார். கலியமூர்த்தியின் அப்பா பக்கிரி அவர் பண்ணையில் வேலை பார்த்தவர். கடையில் இரண்டு பேரும் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை மகனைப் பார்க்க வந்த பக்கிரி, அவன் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தார். வாசலிலேயே நின்று, தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, "சின்னய்யா நல்லாருக்கீங்களா?" என்று சுந்தரைக் கேட்டார். சுந்தர் எழுந்து, "நல்லாருக்கேன்... உள்ள வா... உள்ள வாங்க" என்று தடுமாறினான். கலியமூர்த்தி ரெக்கார்டு அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பக்கிரி கடைசிவரை உள்ளே வரவில்லை.

2. முள் சொன்னது

ஸ்டூலில் உட்கார்ந்தவனை விரட்ட முடியாமல் அவன் கொண்டுவந்த கேசட்டை டெக்கில் போட்டேன். அது சி-90, தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கத்தில் குதிரை ரெக்கார்டு முழுவதும், மறுபக்கத்தில் லைட்ஹவுஸ் முழுவதும். குதிரைப் பக்கம் ஓடும்போது மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். முள் பாதி தூரம்கூட ஏறவில்லை.

"பாத்தீங்களா?" என்றான்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. குதிரை ரெக்கார்டைப் போட்டு லெவல் வைத்தவன், ரெக்கார்டை மாற்றும்போது லெவலைக் கூட்டிக் குறைக்கும் அந்த நாபைத் தொடவே இல்லை. குதிரை ரெக்கார்டு ஒரு பக்கத்துக்குப் பதினேழு நிமிடம். லைட்ஹவுஸ் இருபத்திரண்டு நிமிடம். நேரம் கூடினால் ரெக்கார்டில் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால் ஒலி தணிந்துதான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சோம்பலில் விட்டுவிட்டேன்.

அன்று மதியம் இரண்டையும் மறுபடி பதிந்தேன். குதிரையைக் கொஞ்சம் இறக்கி, லைட்ஹவுஸைக் கொஞ்சம் ஏற்றி, இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி வைத்தேன். அதற்காக இரண்டையும் முழுதாகக் கவனித்துக் கேட்க வேண்டியிருந்தது. அதுவரை ஓடவிட்டிருக்கிறேனே தவிர, கேட்டதில்லை.

குதிரைக் குழுவின் பலம் டிரம்ஸ்காரர். மற்ற கருவிகள் எல்லாம் அவர் பின்னால் ஓடி வருகின்றன. பக்கத்துக்கு நான்கு பாட்டு, இடையில் மூச்சு விட நேரமில்லை. முதல் தடவை கேட்கும்போதே பிடித்துவிடும். ஆறாவது தடவை அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. லைட்ஹவுஸ் குழுவுக்கு அவசரமே கிடையாது. முதல் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. தொடக்கத்தில் வெகு நேரம் ஒரு இரைச்சல் மட்டும். தூசி என்று நினைத்து ரெக்கார்டை மூன்று தடவை துடைத்தேன். ஊசியை மாற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்த காதர் பாய் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னா ராமலிங்கம், அத ஏன் தேய்க்கிற? அது அலைச் சத்தம்யா. கடல்ல தண்ணி வத்தும்போது இப்படித்தான் கேக்கும்."

அதன் பிறகு எனக்கும் கேட்டது. அந்த அலைக்குள்ளிருந்து ஒரு கிட்டார் எழுந்து வருகிறது. எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. பாடுகிறவர் ரகசியம் சொல்வதுபோலப் பாடுகிறார். லெவல் குறைந்தால் இதெல்லாம் ஃபேன் காற்றில் போய்விடும். இரண்டில் குதிரைக்கு அவ்வளவு நஷ்டமில்லை. எவ்வளவு இறக்கினாலும் டிரம்ஸ் கேட்கும்.

அடுத்த ஞாயிறு விடுதியில் மறுபடி போட்டுக் காட்டினார்கள். குதிரைக்குப் பன்னிரண்டு, லைட்ஹவுஸுக்குப் பத்து. இந்த முறை புகாரோடு வந்தவன் சுந்தர்.

"அண்ணே, அவன் அழுதான்னு என் பக்கத்த இறக்கிட்டீங்களா?"

இரண்டு பேரையும் உட்கார வைத்து மீட்டரைக் காட்டினேன். முள் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று சொன்னேன். சத்தமாக இருப்பது நல்லதாகவும் தோன்றிவிடும், காது அப்படித்தான் ஏமாறும் என்றேன். கலியமூர்த்தி அதை நோட்டில் எழுதிக்கொண்டான். சுந்தர், "அப்பவும் ரெண்டு ஓட்டுல ஜெயிச்சேன்ல" என்றான்.

3. இரண்டு மைக்

அந்த வருடம் குறுவை அறுப்பு நேரத்தில், கல்லூரி விடுமுறையில் இரண்டு பேரும் ஊரில் இருந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்களில் கூலித் தகராறு முற்றியது. ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. தாசில்தார் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். இடம் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். மைக் செட் எங்கள் கடை. ஏற்பாடு செய்தவர் சுந்தரின் அப்பாவுக்குப் பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொண்ட காரியக்காரர்.

உள்ளே ஒரு வகுப்பறையில் தாசில்தாருக்கு இடப்பக்கம் மிராசுதார்கள், வலப்பக்கம் தொழிலாளர் தரப்பில் ஐந்து பேர். அவர்களுக்காகப் பேச வந்தவர் பக்கிரி. வெளியே மைதானத்தில் முந்நூறு நானூறு பேர் இருப்பார்கள். மரத்தில் கட்டிய இரண்டு ஹாரன்கள் வழியாகத்தான் அவர்களுக்கு எல்லாம் கேட்கும். மூலையில் போலீஸ் வேன். தரப்புக்கு ஒரு மைக். ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொன்றுக்கும் தனி நாப்.

பேச்சு தொடங்கும் முன் காரியக்காரர் என் காதருகே குனிந்தார். "அந்தாண்ட மைக்கக் கொஞ்சம் அமுக்கி வையி. கத்தித் தொலைப்பானுவ."

நான் வலது மைக்கின் நாபைக் கொஞ்சம் இறக்கினேன். கொஞ்சம்தானே என்று நினைத்துக்கொண்டேன். வாடகை கொடுப்பவர் சொல்கிறார், செய்கிறோம் என்பதற்கு மேல் அப்போது யோசிக்கவில்லை. தன் அப்பாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுந்தர் என் கையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

பக்கிரி கத்தவில்லை. மைக் முன்னால் பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஒரு முழம் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பேசினார்.

"வெளியூரு ஆள எறக்க மாட்டோம்னு போன வருசம் ஐயாதான் சொன்னீங்க. அத நம்பித்தான் நட்டோம். இப்ப அறுப்புக்கு எங்கள வேணாம்னா எப்படிங்க?"

வகுப்பறைக்குள் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் வெளியே ஒன்றும் போகவில்லை. அடுத்து சுந்தரின் அப்பா பேசியது மட்டும் ஹாரனில் கணீரென்று போனது: "பக்கிரி நம்ம பண்ணையில வளந்தவன். அவன் நியாயம் தெரிஞ்சவன்."

மைதானத்தில் சலசலப்பு எழுந்தது. நான் சன்னலோரம் இருந்ததால் எனக்குக் கேட்டது. "பக்கிரி வாயே தொறக்கல பாரு", "வெல போயிட்டான்யா" என்று நாலைந்து குரல்கள். யாரோ ஒரு கல்லை எடுத்துச் சுவரில் எறிந்தார். வேனிலிருந்து போலீசார் இறங்கினார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கலியமூர்த்தி சன்னலுக்கு வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். நாப் எங்கே நிற்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"அண்ணே, எங்கப்பா பேசுறது வெளிய வரல" என்றான். சத்தம் போடவில்லை. "அவரத் துரோகின்னு சொல்றாங்கண்ணே."

எழுந்து நின்று, "ஐயா, மைக் கோளாறு. பெரியவர் பேசினது வெளிய கேக்கல. மன்னிக்கணும்" என்றேன். கோளாறு மைக்கில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். வலது நாபை மேலே தள்ளினேன். போய் மைக்கைப் பக்கிரியின் வாய்க்கு நேரே வைத்தேன்.

தாசில்தார், "இன்னொரு தரம் சொல்லுப்பா" என்றார்.

பக்கிரி அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னார். இரண்டாவது வாக்கியத்தில் மைதானம் அடங்கிவிட்டது. அவர் முடித்ததும் வெளியே எழுந்த சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. காரியக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கத் தேவையில்லை.

அந்த அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வரவில்லை. கூலி விஷயம் பாதிதான் முடிந்தது. மீதி பல வருடம் இழுத்தது. காரியக்காரர் அடுத்த வாரமே கடைக்கு வந்து, இனி அந்த வட்டாரத்துக் கல்யாணம் எதற்கும் எங்களைக் கூப்பிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நடந்ததை மறைக்காமல் பாயிடம் சொன்னேன்.

"ஏத்தினதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "மொதல்ல எறக்கினே பாரு, அதுக்குச் சொல்லணும். ஒரு பக்கம் கேக்காத மைக் செட்டுக்கு மைக் செட்டுன்னு பேரா?"

அன்றிலிருந்து எந்தக் கூட்டமானாலும் தொடங்கிய உடனே ஒரு தடவை கடைசி ஹாரனுக்கடியில் போய் நின்று கேட்டுவிட்டு வருவேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்போதும் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

4. புது ஆல்பம்

கல்லூரி திறந்த பிறகு இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். கலியமூர்த்தி அறையை மாற்றிக்கொண்டிருந்தான். என்னிடம் முன்போலவே பேசினான். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் நானே, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா" என்றேன்.

"நீங்க ஏத்திட்டீங்கண்ணே. சுந்தர் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்" என்றான்.

பொங்கல் முடிந்து ஒரு மதியம் சுந்தர் வந்தான். குதிரைக் குழுவின் புது எல்.பி. அவன் கையில் இருந்தது. சொந்தக்காரர் யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது.

"ரெண்டு கேசட்டு போடுங்கண்ணே. ஒண்ணு கலியமூர்த்திக்கு. நான் குடுத்தா வாங்க மாட்டான். நீங்க குடுங்க."

"என்ன சொல்லிக் குடுக்கறது?"

அவன் ரெக்கார்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றான். "அன்னைக்கு வாயத் தொறந்திருக்கணும்னு சொல்லுங்க. எங்கப்பாவுக்கு எதிர்ல எனக்கு வரல."

கேசட்டைக் கொடுத்து, சுந்தர் சொன்னதை அப்படியே கலியமூர்த்தியிடம் சொன்னேன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடையிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டான். கழற்றி வைக்கும்போது அவன் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு உற்சாகம்.

"ரொம்ப மோசம்ணே. டிரம்ஸக் கொறச்சு வயலின் எல்லாம் சேத்திருக்கானுங்க. லைட்ஹவுஸப் பாத்துக் காப்பி அடிக்கறானுங்க. பழசுல கால்வாசிகூட வராது. அவன்கிட்ட சொல்லுங்க."

"நான் எதுக்கு? நீயே போய்ச் சொல்லு" என்றேன்.

கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். வாசலில் சைக்கிளை நிறுத்தும் முன்பே சண்டை. வயலின் வந்தால் வளர்ச்சி என்றான் சுந்தர். தைரியம் போய்விட்டது என்றான் கலியமூர்த்தி. பழைய குதிரையை அவன் இப்போது புகழ, லைட்ஹவுஸில் இல்லாத பெருமையா என்று சுந்தர் எதிர்க்கட்சிக்கு மாறி வாதாடினான். எது யார் கட்சி என்று எனக்கே குழம்பிவிட்டது. நடுவில் சுந்தர் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. இத்தன தடவ கேட்டிருக்கீங்க. எதுதான் பெரிசு?"

எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. ஆனால் நாப் என் கையில் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவன் தன் விருப்பத்தை வெளியே சொல்ல ஆரம்பித்தால், அடுத்த முறை முள் எங்கே நின்றாலும் ஒருவருக்குச் சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகமாகவும் இருக்கும். இந்தத் தொழிலில் நாற்பது வருடம் இருந்து நான் கற்றது அவ்வளவுதான்.

"ரெண்டுக்கும் லெவல் சரியா வச்சிருக்கேன்" என்றேன். "மிச்சத்த நீங்க பேசிக்குங்க."

அவர்கள் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.