பின் டயர் நாலு விரல் உயரம்

என் தங்கை மகன் செல்வின் ஆம்பூர் பைபாஸில் பிரியாணிக் கடை திறக்கிறான். ஊருக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பதினேழு பிரியாணி போர்டுகளை எண்ணினேன். அவற்றில் பதினொன்றில் ‘ஒரிஜினல்’ என்று இருந்தது. பதினெட்டாவது இவனுடையது. அது அவன் பாடு. எனக்கு வயிறு எரிந்தது, கடை வாசலில் நின்ற லாரியைப் பார்த்துத்தான்.

ராணுவம் கழித்துக்கட்டிய பழைய லாரி. செல்வினின் அப்பாவான என் மச்சானும் நானும் கூட்டாக ஏலத்தில் எடுத்தது. அதாவது பாதி என்னுடையது. இதைச் சொன்னால் இப்போது யாரும் காதில் வாங்குவதில்லை. பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்து, முகப்பில் வெள்ளை நட்சத்திரம் வரைந்திருந்தார்கள். எங்கள் வண்டியில் எந்த நட்சத்திரமும் இருந்ததில்லை. சக்கரங்களோ, புது மாப்பிள்ளை காரில் இருக்கவேண்டிய வெள்ளி அலாய். முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு.

இதே செல்வின்தான் மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, “அப்பா வண்டிய மறுபடி ஓட்டப்போறேன் மாமா. வீலு, டயரு எது போடலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்று கேட்டவன். நாலும் ஒரே அளவு, ஆறு போல்ட் இரும்புச் சக்கரம், கட்டை கட்டையாகப் பல் வைத்த மண் டயர் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அந்த வண்டி ஒருமுறை ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இந்த வயதில் ஆசை வைப்பது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

“பார்சல் கட்ற நூல் இருந்தா கொண்டா” என்றேன்.

“எதுக்கு மாமா?”

“அளக்க.”

“வந்ததும் ஆரம்பிச்சிட்டீங்களா” என்று முனகிக்கொண்டே உள்ளே போனான்.

அவன் வருவதற்குள் டயர் பக்கம் குனிந்தேன். புது ரப்பர் வாசனை. எனக்கு அது வேலூரில் கரீம் பாய் வைத்திருந்த டயர் கொட்டகையின் வாசனை. அப்போது நான் தோல் ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஆறு நாளும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் நாறும் இடத்தில் உட்கார்ந்து தோல் எண்ணுகிறவனுக்கு ரப்பர் வாசனை அத்தர் மாதிரி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மச்சானும் நானும் அங்கே போய்விடுவோம். காரணம், எங்கள் லாரி சக்கரமே இல்லாமல் வந்திருந்தது. ஏலத்தில் வண்டியை ஒரு குவியலாகவும் சக்கரங்களை வேறொரு குவியலாகவும் விற்றார்கள். சக்கரத்தை வேறு யாரோ கொண்டுபோனார்கள். வண்டி தங்கை வீட்டுக்குப் பின்னால் மரக்கட்டைகளின் மேல் நின்றது.

மச்சான் தேவராஜ் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். அதை அவரும் மறந்ததில்லை, நம்மையும் மறக்க விட்டதில்லை. முன்னால் குட்டை டயர், பின்னால் நெட்டை டயர், அப்போதுதான் வண்டி சிங்கம் மாதிரி நிற்கும் என்பது அவர் கட்சி. அது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. முன்னும் பின்னும் நடுவிலிருக்கும் ஒரே கியர் பெட்டியில் பூட்டப்பட்டவை. நெட்டை டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், குட்டை டயர் அவ்வளவு போகாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. சண்டை பெட்டிக்குள் போய்விடும். சணல் கயிற்றால் அளந்து காட்டினேன். அவர் கேட்ட பின் டயர், முன் டயரைவிட நாலு விரல் உயரம்.

“நீ தோலு எண்ற ஆளு மச்சான். வண்டியப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?” என்றார்.

“எண்ணத் தெரிஞ்சவனுக்குத்தான் அளக்கவும் தெரியும்.”

கரீம் பாய் டீயை வைத்துவிட்டு, “இன்னா சார், டயரு வாங்க வந்தீங்களா, சண்ட வாங்க வந்தீங்களா? சண்டதான் வேணும்னா வீட்லயே ஜாஸ்தி கீதே, இவ்ளோ தூரம் இன்னாத்துக்கு வர்றீங்க?” என்பார்.

கடைசியில் நாலு இரும்புச் சக்கரமும், முன்னுக்கு மட்டும் இரண்டு டயரும் வாங்கினோம். பின்னுக்கு இரண்டு, அறுப்பின் பண்டிகையில் வந்து சேர்ந்தது. எங்கள் சபையில் அன்று பூசணி, கோழி, கேக் என்று ஆளுக்கொன்று படைப்பார்கள். ஆராதனை முடிந்து வாசலில் ஏலம். அந்த வருடம் லாரி வைத்திருந்த குடும்பமொன்று ஒரு ஜோடி நெட்டை டயரைப் படைத்தது. மச்சான் கை தூக்கினார். அவருக்குப் போகக் கூடாது என்று நானும் தூக்கினேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். “உடுங்கப்பா, மச்சானும் மச்சானும் மோதட்டும், அந்தக் காசுல நம்ம காம்பவுண்டு சுவரு எழும்பிடும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் தங்கை கிருபை முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மச்சான் ஜெயித்தார். சபை முழுக்கப் பார்க்க டயரை உருட்டிக்கொண்டு போனவர் அதை வண்டியில் மாட்டாமல் இருக்க முடியுமா? படைத்த பொருளைத் திருப்பித் தரும் வழக்கமும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவராகவே விட்டிருப்பார் என்று கிருபை இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லட்டும். அளவு தப்பென்றால் தப்புதான்.

முதல் சவாரியே அமிர்தி பக்கம், தோல் பதனிட ஷாப்புக்கு மரப்பட்டை ஏற்ற. மலைப்பாதையில் லாரி நன்றாகவே ஏறியது. திரும்பும்போது தார் ரோடு வந்தது. முன் சக்கர இழுப்பை விடுவிக்க ஒரு கம்பி உண்டு. இழுத்துவிட்டால் பின் சக்கரம் மட்டும் ஓட்டும், பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

“கம்பிய இழுங்க மச்சான்” என்றேன்.

“என் வண்டில எனக்கே ஆர்டர் போடாத.”

“பாதி என்னுது.”

“அப்ப உன் பாதிய நீ இழுத்துக்கோ.”

கணியம்பாடிக்கு முன்னால் பெட்டி வெடித்தது. தாரில் எண்ணெய் பரவியது. “சொன்னேன் இல்ல?” என்றேன். அவர் இறங்கி எண்ணெயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீ சொன்னதாலதான்டா உடைஞ்சுது.”

அதன்பிறகு நாங்கள் பேசவில்லை. வண்டி மறுபடி அதே கட்டைகளின் மேல் ஏறியது. கிறிஸ்துமஸ் பலகாரம் மட்டும் கிருபை கையால் இரு பக்கமும் போய்வந்தது. மச்சானின் அடக்கத்தன்றுகூட நான் லாரியைப் பார்த்தே நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

செல்வின் நூல் கொண்டுவந்தான். தரையிலிருந்து டயர் உச்சிவரை முன்னால் பிடித்தேன், பின்னால் பிடித்தேன். மிச்சத்தில் விரலை வைத்து எண்ணினேன்.

“டேய், மறுபடியும் அதே நாலு விரல்! தார்ல போனா பெட்டி இன்னாத்துக்கு ஆகும்?”

“பெட்டியே இல்ல மாமா. இன்ஜினும் இல்ல. எல்லாம் எடைக்குப் போட்டாச்சு.”

“ஓட்டப்போறேன்னு சொன்ன?”

“சொன்னேன். மெக்கானிக் ஒரே பேஜார் பண்ணிட்டான், உட்டுட்டேன். பின்னால ரெண்டு டேபிள் போடறோம், ஃபேமிலி வந்து உக்காரும். அப்பா சொன்ன மாதிரியே பின்னால பெருசா வெச்சிருக்கேன், பாருங்க. கெத்தா இல்ல?”

நூலைச் சுருட்டி அவன் கையில் திணித்தேன். பிரியாணி சாப்பிடுங்க என்றான், அசிடிட்டி என்றேன். குனிந்து வண்டிக்குக் கீழே பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தின் வழியாக எதிர்ப்பக்க ரோட்டில் பஸ் போவது தெரிந்தது.

ஓட்டுநர் இடத்தில் அந்தக் கம்பி மட்டும் அழகுக்காக விட்டுவைக்கப்பட்டிருந்தது, உச்சி உருண்டைக்குப் புதுச் சிவப்புப் பெயின்டோடு. கதவு வழியாகக் கையை நீட்டி இழுத்தேன். எதையும் பிடிக்காமல், சத்தமே இல்லாமல், லேசாக வந்துவிட்டது.