மருந்து ரூமுக்குப் போட்ட எண்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது இது. முன்னது பின்னதாகிவிடும், சில இடம் மறந்தும் போயிருக்கும்; பொறுத்துப் படியுங்கள். கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது அந்தக் கறுப்புத் திரைதான். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி, டீ கொடுக்கிற வேலை எனக்கு. வெளியே பொட்டலில் வெயில் தண்ணீர்போல நெளியும். உள்ளே அந்தத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். சத்தமில்லாத மழை ஒன்று கீழிருந்து வானத்துக்குப் பெய்கிறாற்போலத் தோன்றும். டம்ளரை வைத்தவள் அப்படியே நின்றுவிடுவேன்.

அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கம்ப்யூட்டர் சார். காரியாபட்டிப் பிள்ளை, என் மகளைவிட இளையவர். ஒவ்வொரு ரூமிலும் வைத்த கருவிகள் அனுப்புகிற சேதிதான் அந்த எழுத்து என்று சொன்னார். கதவு திறந்தது, ஈரம் ஏறியது, வெக்கை கூடியது, எல்லாம் ஒரே தரமாக வந்து மேனேஜர் போனில் கத்திக்கொண்டே இருந்ததாம். அதனால் சார் ஒவ்வொரு சேதிக்கும் ஓர் எண் போட்டார். அதற்கு ஒரு வரி தட்டுவார், அவ்வளவுதான். ஏழு என்றால் சும்மா எழுதிவைக்கிற சேதி. எண் இறங்க இறங்க ஆபத்து ஏறும். பூஜ்யம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது வந்தால் வாசல் மணி அடிக்கும், எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கி அடிபட்ட எனக்கு இது விளங்கவே நாளாயிற்று.

வெடிமருந்து கலக்கிற ரூமில் வெக்கை கூடினால் பூஜ்யம் என்று வைத்திருந்தார். அங்கேதான் என் மகளுக்கு வேலை. தீபாவளி சீசனில் மத்தியானம் ஆனாலே வெக்கை ஏறி மணி அடித்தது. பெண்கள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். லோடு நின்றது, மேனேஜர் முகம் கடுத்தது. செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால் பெண்களுக்கும் ஆத்திரம். வெயில் படாத மேனி, அதான் வெக்கைக்கு இம்புட்டுப் பயம் என்று கம்பெனி வேனில் ஏறி வரும்போது சாரைக் கேலி பேசினார்கள். எண்ணை ஏழாக்கச் சொல்லிவிட்டு மேனேஜர் போன அன்றைக்குத்தான் மகளும் என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, நீ குடுக்குற டீயத்தான அவரு குடிக்காரு. மணிய நிப்பாட்டச் சொல்லு. பொழப்பு கெடுது."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், போய் நின்றேன். சார் வரியைத் தட்டி முடித்து, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மினுங்கி மினுங்கி அணைந்தது.

"மேனேஜர் ஏழு போடச் சொல்றாரும்மா. உங்க மக இருக்கிற ரூம். நீங்க என்ன சொல்லுறீக?" என்றார்.

மகள் சொல்லியனுப்பியதுதான் நாக்கில் இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க, அவள் கைப்பிள்ளையாகத் தொட்டிலில் தூங்கியதும், வயிறு ஏறி இறங்குகிறதா என்று நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததும் கண்முன் வந்தது. "பூஜ்யமே இருக்கட்டும் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தட்டிவிட்டார்.

சீசனோடு சாரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் கூட்டிவந்த புது ஆள் அந்த வரியைப் பார்த்துவிட்டு, மருந்து ரூம் மணியைக் குறைக்க வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். மேனேஜர் பேனாவைத் தொடவே இல்லை.

நான் சொன்னதை மகளிடம் மறைக்கவில்லை. ரொம்ப நாள் அவள் என்னோடு பேசாமல் இருந்தாள். இப்போது எனக்குக் கண் மங்கி வீட்டோடு இருக்கிறேன். அவள் இன்னும் அங்கேதான். மணி அடித்த நாளில் நேரத்தோடு வந்து, வாசலில் செருப்பை உதறுவாள். "இன்னைக்கும் ஒன் பூஜ்யம் அடிச்சிருச்சு. கூலி போச்சு" என்று ஏசுவாள். ஏசட்டும். அந்த ஏச்சு காதில் விழுகிற வரைக்கும் எனக்கு ஒரு குறையுமில்லை.

எண்களின் வரிசை நான் எழுதியபடிதானா என்று கம்ப்யூட்டர் தெரிந்த யாராவது பாருங்கள். தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். பூஜ்யத்தை மட்டும் மாற்ற வேண்டாம்.