பாய் விரித்துப் பார்க்க வந்த டான்ஸ்

போன சனிக்கிழமை மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு டான்ஸுக்குப் போயிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பது காதில் விழுகிறது... இருங்கள், ஆடப் போகவில்லை. பிரசவ விடுதிக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று டிக்கெட் வாங்கினேன், அவ்வளவுதான்.

விடுதியை நடத்துகிறவர் லெட்சுமி அம்மாள். மலாக்கா செட்டி வகுப்பு, அந்தக் காலத்திலேயே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய்! தமிழில் உறவுமுறை சொல்ல மட்டும் வரும். செங் பக்கத்து ரப்பர் தோட்டப் பெண்களுக்கு அங்கேதான் இலவசப் பிரசவம். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்துவிட்டது, மருத்துவச்சியின் சம்பளத்துக்குத்தான் இன்னும் வழி வரவில்லை. இந்த டான்ஸில் பணம் சேராவிட்டால் மாதக் கடைசியில் விடுதிக்குப் பூட்டு.

டான்ஸ் என்றால் ஜோகெட் - ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, கைகூடப் படாமல் ஆடுவது. தமிழ் நோட்டீஸ் எழுதிய புண்ணியவான் என்ன போட்டிருந்தார் தெரியுமா? 'மாபெரும் நடன நிகழ்ச்சி! குடும்பத்தோடு வருக!'

வந்தார்கள். பாய், தண்ணீர்க் கூஜா, கைக்குழந்தை சகிதம் லாரியில் வந்து, ஹாலின் நட்டநடுவே பாயை விரித்துச் சப்பணம் போட்டுவிட்டார்கள்! வயலினும் ரெபானா மேளமும் ஆரம்பித்தன. ஆட வந்த செட்டி ஜோடிகள் சுவரோரம் நின்றார்கள். கால் வைக்க இடமில்லை.

"சலங்க கட்டி ஆடறவங்க எப்பங்க வருவாங்க?" என்று கேட்டார், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனியாண்டி. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்.

"நீங்கதான் ஆடணும்" என்றேன்.

"என்னாங்க இது! பொண்டாட்டி புள்ளயோட வந்தவன ஆடச் சொல்றீங்க? டிக்கெட்டு காசக் குடுங்க, நாங்க கெளம்புறோம்!"

நாலாபக்கமும் அதே குரல். பாய்கள் சுருண்டன. லெட்சுமி அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. கூட்டம் போனால் காசு போகும். காசு போனால் விடுதி போகும்.

லெட்சுமி அம்மாள் கூட்டத்துக்குள் இறங்கினார். இரண்டு கைகளையும் நீட்டி, "அக்கா, மாரி! மாரி!" என்றார். மலாயில் மாரி என்றால் 'வா' - உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

ஆனால், முனியாண்டியின் மனைவி பெயர் மாரியாயி!

விருட்டென்று எழுந்தார் மாரியாயி. பசார்க் கடைகளில் தினமும் 'மாரி, மாரி' என்று கேட்கிறவர்தான். இருந்தாலும், விடுதியில் தன் பிள்ளையைக் கையில் ஏந்திக் கொடுத்தவர் கூப்பிடும்போது அர்த்தமா பார்க்கத் தோன்றும்?

"எங்க போற? உக்காரு!" என்று அதட்டினார் முனியாண்டி.

"சும்மா இருங்க. எத்தன பேரு வந்து போற எடம்... எம் பேர ஞாபகம் வச்சுக் கூப்புடுறாங்க. நா ஆடத்தான் போறேன்!"

முந்தானையை இழுத்துச் செருகினார். ஜோகெட் தெரியாது. தெரிந்தது கும்மி. ரெபானாவின் அடிக்குக் கைதட்டிக் குனிந்து நிமிர்ந்தார் பாருங்கள்... வயலின்காரர் ஒரு கணம் திகைத்து, அவர் காலுக்குத் தக்கபடி வாசிக்கத் தொடங்கினார். எதிரே லெட்சுமி அம்மாள் ஜோகெட் ஆடினார். ஒருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. சுருட்டிய பாய்கள் சுவரோரம் போயின, சுவரோரம் நின்ற ஜோடிகள் நடுவே வந்தார்கள். கடைசியில் முனியாண்டியும்! சேலையும் கெபாயாவும் ஒரே தாளத்தில் சுற்றியதைப் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ கச்சேரி பார்த்தவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒருவர்கூட டிக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. விடுதிக்குப் பூட்டு விழாது.

கூட்டம் கலையும்போது லெட்சுமி அம்மாள் மூச்சு வாங்க என்னிடம் வந்தார். முதலில் எழுந்த அக்காவின் பெயர் என்ன என்று மலாயில் கேட்டார்.

"மாரி" என்றேன்.

"யா லா, ஆமாம், மாரி என்றுதான் கூப்பிட்டேன். பெயர் என்ன?"

விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. புறப்படத் தயாராக நின்ற லாரியை நோக்கி ஓடினார்.

"மாரியாயி! மாரியாயி!"

இந்தத் தடவை பெயர் சொல்லியேதான் கூப்பிட்டார்.