சத்தமாக அழ ஓர் இடம்

என் தம்பி ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் இறந்துபோனான். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பிழைக்க வந்த கன்னட நகரத்தில், அடுகோடி என்ற பகுதியில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்கள் இருந்ததால் அப்பாவும் அம்மாவும் சண்டைகூட மெல்லிய குரலில்தான் போடுவார்கள். பிள்ளையைப் பறிகொடுத்ததற்கும் அதே கட்டுப்பாடுதான். தம்பியின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அம்மா அழுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சபையில்தான். சபை என்றால் கோபுரமோ மணியோ கிடையாது. லேத் பட்டறைக்கு மேலே தகரக்கூரை போட்ட ஒரு ஹால். பாஸ்டரே மற்ற நாட்களில் பெயின்ட் அடிக்கப் போகிறவர். ஜெபம் ஏற ஏற அவரவர் பாரத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த இரைச்சலுக்குள் அம்மா தம்பியின் பெயரைச் சொல்லிக் கதறுவாள். கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த ஓர் அக்கா பக்கத்தில் மண்டியிட்டு, அவள் முதுகைத் தடவியபடி தானும் அழுவார். எனக்கு அவமானமாக இருக்கும். தெரியாதவள் மாதிரி நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன். ஆராதனை முடிந்ததும் அதே அம்மா டீ குடித்துக்கொண்டு, அக்கா சொல்லும் சூப்பர்வைசர் கதைக்குச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு, பாட்டு நடுவில் சில ஆட்கள் செருப்போடு மேலே ஏறி வந்தார்கள். யாரை மதம் மாற்றுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்கள். பாஸ்டரும் கன்னடத்திலேயே தாழ்மையாகப் பதில் சொன்னார். அவர் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒருவன் எங்கள் முகங்களை வரிசையாக போனில் படம் பிடித்தான். அம்மா என் முகத்தை முந்தானையால் மூடினாள். மறுநாளே கட்டடத்தின் சொந்தக்காரர் ஹாலைப் பூட்டிவிட்டார்.

"வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கோயேன். கர்த்தர் இங்க இல்லையா?" என்றார் அப்பா. அவர் கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைக்கு வருகிறவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஞாயிறு முழுக்க டிவி பார்க்கலாம் என்ற சந்தோஷம் வேறு.

அம்மா முயன்றுதான் பார்த்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே அழுவாள். டேங்க் காலியாகிறது என்று வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு குழாயும் திறக்கப்படவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அம்மா எனக்கு நல்ல கவுனைப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். ஹாலுக்குப் போகும் படிக்கட்டில் பூட்டுத் தொங்கியது. எதிரே இருந்த பேக்கரி வாசலில் கார்மெண்ட்ஸ் அக்கா டீயோடு நின்றார். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலைந்து பேர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பார்த்ததும் வழக்கமாகச் சொல்லும் ஸ்தோத்திரம்கூட யாரும் சொல்லவில்லை. டீ வாங்கினார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அக்காவின் கை மட்டும் அம்மாவின் முதுகில் இருந்தது. அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. என்ன ஆச்சு என்று பேக்கரிக்காரர் கன்னடத்தில் கேட்டார், "ஏனாயித்தம்மா?" "தலெநோவு," என்று தலைவலியைச் சாக்குச் சொன்னார் அக்கா.

அப்போது ஒரு பைக் எங்கள் பக்கத்தில் வேகம் குறைத்தது. பின்னால் இருந்தவன் போனை எடுத்தான். சபைக்காரர்கள் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

வழியில் கேட்டேன். "ஏம்மா, யாருமே ஜெபம் பண்ணலையே?"

"பண்ணுனோமே," என்றாள் அம்மா.

அடுத்த வாரங்களில் ஆட்கள் குறைந்தார்கள். அக்காவின் கம்பெனி ஓசூர் பக்கம் போனது, அவரும் போனார். கடைசியாக ஒரு ஞாயிறு நானும் அம்மாவும் மட்டும் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். பிறகு அம்மா கிளம்பவே இல்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். குளியலறையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்த அத்தையிடம் அப்பா, "இப்ப அழறதே இல்ல. தேறிட்டா," என்றார். அத்தை எனக்குக் கேக்கை வெட்டிக் கொடுத்தபடி, அப்படியா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் அத்தை, அம்மாவுக்கு நல்லாயிடுச்சு என்று நானும் சொன்னேன்.