குடிக்காதவனின் மூக்கு

ரங்கூன் பபேடானில் இருக்கும் எங்கள் அத்தர் கடைக்கு வரும் சீசாக்களின் மேல் பிரெஞ்சில் என்னமோ எழுதியிருக்கும். அதைப் படித்துவிட வேண்டும் என்ற அரிப்பில்தான் மாலை வகுப்பில் சேர்ந்து அந்த மொழியைக் கற்றேன். அது என்னை ஒயின் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்று நினைக்கவில்லை. பிரான்சிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தாம் செய்யும் ஒயினை ரங்கூன் ஓட்டல்காரர்களுக்குக் காட்ட வந்திருந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம்.

"அஞ்சு நேரம் தொழுவுற மனுசன், சாராயக்காரனுக்கு வாயை வாடகைக்கு விடப் போறீங்களாக்கும்?" என்றாள் என் மனைவி.

"வாய்தான் போவுது. நாக்கு வூட்டுலயே இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒயினைக் காட்டும் விருந்துக்கு முந்திய நாள் தோட்டக்காரர் ஓட்டல் மேலாளரிடம் தோட்டத்தின் கதையைச் சொல்ல, நான் பர்மியத்தில் சொன்னேன். அவருடைய பூட்டனார் காலத்தில் ஒரு பொடிப் பூச்சி கொடிகளின் வேரையெல்லாம் தின்று தீர்த்ததாம். அமெரிக்கக் கொடியின் வேரைக் கொண்டுவந்து, அதன்மேல் தங்கள் கொடியை ஒட்டுப்போட்டுப் பிழைத்தார்களாம். கறுப்புத் திராட்சைக்கும் உள்ளே சாறு வெளுப்புத்தான், தோலோடு ஊறும்போதுதான் சிவப்பு ஏறும் என்றார். அப்படியா, அப்படியா என்று மொழிபெயர்ப்பை மறந்து நானே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும்போது கொஞ்சம் ஒயின் ஆவியாகிப் போய்விடும். அதைத் தேவதூதர்களின், அதாவது மலக்குகளின், பங்கு என்பார்களாம். அல்லாஹ்வின் மலக்குகளுக்கு மதுவா! என் வாயால் எப்படிச் சொல்வேன்? இந்த ஊரில் நாட் என்னும் தேவதைகள் சிலவற்றுக்குச் சாராயம் படைப்பது வழக்கம். எனவே நாட் குடித்துவிடும் என்று பர்மியத்தில் அடித்துவிட்டேன். "குடிக்கத்தான் செய்யும், சயா" என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். சயா என்றால் வாத்தியார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

மேலாளர் போனதும் தோட்டக்காரர் கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார். குடிப்பதில்லை என்றேன்.

"தெரியும். முகர்ந்து மட்டும் சொல்லுங்கள். கொரோனாவில் எனக்கு மோப்பம் போனது, திரும்பவில்லை. அதற்கப்புறம் செய்த முதல் ஒயின் இது. நாளைக்கு இதைத்தான் காட்ட வேண்டும். நன்றாக வந்திருக்கிறதா என்று எனக்கே தெரியாது."

மனசு கஷ்டமாகிவிட்டது. முகர்ந்தேன். பழவாசனையும் மரவாசனையும் வந்தன. நெடியில் வேறொன்றும் பிடிபடவில்லை. கை தன் பழக்கத்துக்கு ஒரு விரலை முக்கிப் புறங்கையில் தேய்த்துவிட்டது. கடையில் அத்தரை அப்படித்தான் பார்ப்போம். தேய்த்த பிறகுதான் இது அத்தர் இல்லை என்று உறைத்தது. அஸர் தொழுகைக்கு முன் கழுவியாக வேண்டும். ஆனாலும் ஆவல் விடவில்லை. நெடி பறந்ததும் மூக்கருகே கொண்டுபோனேன். மழைக்காலத்தில் போட்டாதாங் படகுத்துறைக் கிடங்குகளில் அடுக்கிக் கிடக்கும் ஈரச் சாக்கின் வாடை அடித்தது.

சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. சொன்னேன். அவர் இன்னொரு சீசாவைத் திறந்தார். அதிலும் அதே வாடை.

"பூசணம் பிடித்த பீப்பாய்" என்றார். "நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு பீப்பாயையும் நான் முகர்ந்து பார்ப்பேன். அந்த வருஷம் என் மகன் பார்த்தான். கோட்டைவிட்டிருக்கிறான். ஆனால் ஒயினையும் அவன்தானே முகர்ந்தான்? என்னைவிடக் கூர்மையான மூக்கு அவனுக்கு. பிரமாதம் அப்பா என்றான்."

மீதிச் சீசாக்களைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நாளைக்குப் பழைய ஒயின் போதும் என்றார். பிறகு கேட்டார்: "உங்கள் அப்பா கேட்டிருந்தால் இந்த வாடையைச் சொல்லியிருப்பீர்களா?"

வாப்பாவை நினைத்துப் பார்த்தேன். "மாட்டேன்" என்றேன்.

அவர் கைபேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"நம் புது ஒயின் இங்கே எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது" என்று சொன்னார்.