மல்லாட்டை பிஸ்கோத்து வேகிற வரைக்கும்

"…வெந்துடட்டும் தம்பி. எங்க அத்தை காத்தாலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. இதுல ஒண்ணு ரெண்டு தின்னுடட்டும். அப்பறம் நீ சொல்லு."

இப்படிச் சொன்னவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொல்லும்போது அடுப்பங்கரையில் குந்தியிருந்தாள். எதிரே, சைகோனிலிருந்து வந்த மனிதர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் இரும்புச் சட்டி, அதன் மூடி மேல் தணல், உள்ளே பிஸ்கோத்து. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

பிஸ்கோத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் பாகூர்ப் பக்கத்தில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருத்தராவது சைகோனில் இருப்பார்கள். பிரெஞ்சுக்காரனுக்கு இங்கேயும் ராஜ்யம், அங்கேயும் ராஜ்யம். எங்கள் பெரியவருக்கு, அக்காவின் வீட்டுக்காரருக்கு, அங்கே துறைமுகத்தில் காவல் வேலை. அக்காவும் கல்யாணமான கையோடு கப்பலேறிப் போய் அவரோடு சில வருஷம் குடித்தனம் நடத்தினாள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று பார்க்க வந்தவள், திரும்பிப் போவதற்குள் சண்டை மூண்டு கப்பல் நின்றுபோயிற்று. பெட்டியைக் கட்டி வைத்தபடியே எங்கள் வீட்டில் தங்கிவிட்டாள்.

சைகோனில் அடுத்த வீட்டில் காரைக்கால் பெண் ஒருத்தி இருந்தாளாம். அவளிடம் கற்றுக்கொண்டதுதான் இது. மாவே கிடையாது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை மணலில் வறுத்து, கையால் கசக்கி, முறத்தில் தோலை ஊதித் தள்ளிவிட்டு உரலில் இடிக்க வேண்டும். அதிகம் இடித்துவிட்டால் எண்ணெய் விட்டுக்கொண்டு செக்கில் போட்டது மாதிரி ஆகிவிடும். அதனால் இடிக்கும்போதே நாட்டுச் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போடுவாள். வெள்ளைச் சர்க்கரை அப்போது கண்ணில் படாத காலம். எங்களுக்குக் கரும்பு இருந்ததால் இனிப்புக்குக் குறைவில்லை. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தனியே எடுத்து, தென்னை ஈர்க்குகளைக் கட்டாகக் கட்டி அதனால் அடிப்பாள். நுரை பொங்கி, பாத்திரத்தைச் சாய்த்தாலும் விழாமல் நிற்கும். அதில் இடித்த தூளைப் போட்டுப் பிசறி, நெய் தடவிய தகரத் தட்டில் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைப்பாள். சட்டியில் ஆற்று மணல், மணல் மேல் தட்டு, அதற்கு மேல் மூடி, மூடி மேல் தணல். கீழேயும் மேலேயும் சூடு. ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள்.

அத்தைக்கு, அதாவது எங்கள் மாமியாருக்கு, இதைப் பார்த்தாலே ஆகாது. அத்தையின் வாயை நான் எவ்வளவு ரசித்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. "மஞ்சக்கருவ ஒதுக்கிட்டு சோப்பு நொரைய வேக வைக்கிறா பாரு. நாளைக்கு அழுக்குத் துணியத் தாளிச்சுக் குடுப்பா" என்பார்கள். ஒதுக்கிய மஞ்சள் கருவைக் குழம்பில் விட்டால் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். பிஸ்கோத்தை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. அது சைகோன் பண்டம். பிள்ளையைக் கொண்டுபோன ஊர்ப் பண்டம்.

சண்டை முடிந்தது. கப்பல் மறுபடி வரத் தொடங்கியது. வில்லியனூர் ஆட்கள் வந்தார்கள், காரைக்கால் ஆட்கள் வந்தார்கள். எங்கள் பெரியவர் வரவில்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். சீமந்தம், மஞ்சள் நீராட்டு என்றால் கூப்பிடுவார்கள். நலங்கு வைக்க மட்டும் கூப்பிடமாட்டார்கள். கிணற்றடியில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள்: "பூ வெச்சிக்கினு கீறா. யாருக்கு வெச்சிக்கிறான்னு அவளுக்கே தெரியல." அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், நடந்தாள். அழுது நான் பார்த்ததில்லை. அந்த வருஷங்களில் அவளுக்குக் கையும் காலும் வேலை செய்தன. அவ்வளவுதான்.

அப்போதுதான் கரியமாணிக்கத்து ஆள் ஒருத்தர் சைகோனிலிருந்து வந்திருக்கிறார், பெரியவரோடு ஒன்றாக வேலை பார்த்தவராம், நாளைக்கு நம் வீட்டுக்கு வருகிறார் என்று சந்தைக்குப் போன என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு வந்தார். என்ன சேதி என்று சந்தையில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தை குளித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். கூழ் கொடுத்தேன், வேண்டாம் என்றார்கள். தண்ணீர் கொடுத்தேன், அதுவும் வேண்டாம். என் வீட்டுக்காரர் கரும்புக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். அவருக்கு வீட்டில் இருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அக்கா மல்லாட்டை வறுத்தாள். வருகிறவர் அங்கே தின்றிருப்பார், நாக்குக்குப் பழகினதாக இருக்கட்டும் என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவுச் சேதி கொண்டுவருகிற ஆள் அந்த வீட்டில் கை நனைக்கமாட்டான். ஒரு வாய் மோர்கூடக் குடிக்கமாட்டான். வந்ததும் சேதியைக் கொட்டவும் மாட்டான். "எல்லாரும் சாப்டாச்சா?" என்று முதலில் கேட்பான். சேதி காதில் விழுந்த நிமிஷம் அடுப்பில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் உலை வைக்க முடியாது. பங்காளி வீட்டுச் சோறுதான், அதுவும் தொண்டையில் இறங்காது. அதனால் அடுப்பு எரிகிற வரைக்கும் சேதி வாய்க்குள்ளேயே இருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அந்த ஆள் வந்தார். சட்டை போட்டிருந்தார், கையில் குடை. அண்ணி என்று அக்காவைக் கும்பிட்டார். முதல் ஈடு அப்போதுதான் இறங்கியிருந்தது, அடுத்த ஈடு சட்டியில் வெந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். அத்தையும் நானும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அங்க துன்ற மாதிரியே கீது அண்ணி" என்றார்.

அத்தை எழுந்துவிட்டார்கள். எப்படி எழுந்தார்கள் என்று தெரியவில்லை. முட்டி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள். "கை நனைச்சிட்டான்டி, பாத்தியா?" என்று என் தோளைத் தட்டினார்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தெருவுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, பிள்ளை இருக்கிறான், சேதி கொண்டுவந்த ஆள் உட்கார்ந்து தின்கிறான் என்று சொல்வது எங்களுக்குக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார்கள்.

உள்ளே அந்த மனிதர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். பாதிப் பிஸ்கோத்து கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, வாயில் போடவும் இல்லை. தெருவில் கேட்ட பேச்சு அவருக்கும் கேட்டது. அத்தனை வருஷம் கடல் தாண்டி இருந்தவர், அங்கே போகிற வீட்டில் கொடுத்ததைத் தின்று பழகியவர். இப்படித் தின்றதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அக்காவைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"அண்ணி, வூட்ல எல்லாரும் சாப்டாச்சா?"

மூடியின் ஓரத்தில் தணல் சரிந்திருந்தது. அக்கா அதைக் குறட்டால் எடுத்து நடுவில் வைத்தாள். அப்போதுதான் நான் முதலில் எழுதினதைச் சொன்னாள். வெந்துடட்டும் தம்பி, என்று. குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. கடைக்காரரிடம் உப்புப் புளி கேட்கிற குரல்.

அவர் தலையை ஆட்டினார். நாங்கள் மூன்று பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மல்லாட்டையும் சர்க்கரையும் சேர்ந்து வேகிற வாசனை வீடு முழுக்க இருந்தது. எனக்கு அது வாசனை என்று தெரிந்தது, மணக்கவில்லை.

வெந்ததும் மூடியைத் தூக்கினாள். ஒன்றை விரலால் நெம்பிப் பார்த்தாள்; அடி ஒட்டாமல் வந்தது. "அத்தையக் கூப்புடு" என்றாள். கூப்பிட்டேன். அத்தை மூச்சு வாங்க வந்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்தார்கள். அக்கா ஊதி ஊதி ஆற்றி அவர்கள் கையில் வைத்தாள். அத்தை அன்றைக்குத்தான் அதை முதல் முறையாக வாயில் போட்டார்கள்.

"இன்னாடி இது, வாயில வெச்சதும் காணாமப் பூடுது. இத்தினி நாளா சோப்பு நொரைன்னு சொல்லிக்கினு இருந்தனே" என்றார்கள். இன்னொன்று கேட்டு வாங்கினார்கள். என் பிள்ளை வந்தால் இதைச் செய்து கொடு, அங்கே தின்றதைவிட நன்றாயிருக்கிறது என்பான், என்றார்கள். அந்த மனிதர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் கையிலும் ஒன்று வைத்தாள். தின்னு என்றாள். தின்றேன். தானும் ஒன்று எடுத்து முழுதாக மென்று விழுங்கினாள். அத்தை இரண்டாவதையும் தின்று முடித்து, சொம்பு நிறையத் தண்ணீர் குடித்து, தலைப்பால் வாயைத் துடைக்கிற வரைக்கும் காத்திருந்தாள். அதற்குப் பிறகு சட்டியை இறக்கி வைத்தாள். மூடியில் இருந்த தணலை அடுப்புக்குள்ளே தள்ளினாள். குடத்தைச் சாய்த்து அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள்.